படம் இல்லாத மாதங்கள்

பொங்கல் படங்கள் மூன்றாவது வாரத்தைத் தாண்டியதும் டொராண்டோவில் ஆண்டுதோறும் ஒரு புலம்பல் தொடங்கும். "பார்க்கிறதுக்கு ஒண்டும் இல்லை" என்பார்கள் யாழ்ப்பாணத்து நண்பர்கள். "ஒண்ணுமே தேறலப்பா" என்பார்கள் என்னைப் போன்ற மதுரைப் பக்கத்து ஆட்கள். சித்திரை பிறக்கும்வரை இந்தப் பேச்சு ஓயாது. வெளியே உறைபனி, மாலையிலேயே இருட்டு, வார இறுதியில் போக இடமில்லை. சினிமாவும் கைவிட்டுவிட்டது என்றால் எரிச்சல் வரத்தானே செய்யும்?

இந்த வறட்சிக்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் மார்ச்சை ஒட்டி நடக்கின்றன. வீட்டில் ஒரு பிள்ளை பரீட்சை எழுதினால் அந்தக் குடும்பமே தியேட்டர் பக்கம் போகாது. குடும்பங்கள் வராத காலத்தில் பெரிய நடிகரின் படத்தை இறக்கத் தயாரிப்பாளர்கள் தயங்குவார்கள். 2008-க்குப் பிறகு ஐபிஎல் கிரிக்கெட்டும் சேர்ந்துகொண்டது. வட அமெரிக்காவில் கணக்கு வேறு. ஆஸ்கர் தகுதி காலண்டர் ஆண்டைப் பொறுத்தது என்பதால், விருது ஆசையுள்ள படங்களை ஸ்டூடியோக்கள் டிசம்பருக்குள் காட்டிவிடுகின்றன. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வருபவை பெரும்பாலும் எடுத்தவர்களுக்கே நம்பிக்கை இல்லாத படங்கள். குப்பை கொட்டும் மாதங்கள் என்ற பொருளில் தொழில்வட்டாரத்தில் அவற்றுக்கு ஒரு பட்டப்பெயரே இருக்கிறது. புலம்பெயர்ந்த தமிழருக்கு இந்த இரண்டு பஞ்சாங்கங்களின் பஞ்சமும் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறது.

ஆனால் இந்தப் பஞ்சாங்கத்தை முழுவதும் நம்ப முடியாது. 'தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' 1991 பிப்ரவரி 14 அன்று வெளியானது. அடுத்த ஆண்டு ஆஸ்கரின் ஐந்து முதன்மை விருதுகளையும் அதுவே வாங்கியது. 'கிரவுண்ட்ஹாக் டே' 1993 பிப்ரவரியில் வந்தது. 'கெட் அவுட்' 2017 பிப்ரவரியில் வந்தது. நம் பக்கம் பார்த்தால் 'மூன்றாம் பிறை' 1982 பிப்ரவரி, 'பருத்திவீரன்' 2007 பிப்ரவரி, 'விசாரணை' 2016 பிப்ரவரி. குப்பை மாதம் என்று நாம் ஒதுக்கும் அதே மாதத்தில் வந்தவைதான் இவை எல்லாம்.

அப்படியானால் நாம் எதை இழந்துவிட்டதாகப் புலம்புகிறோம்? பிப்ரவரியில் படிக்க நாவல் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அலமாரியில் புதுமைப்பித்தன் இருப்பார், கு. அழகிரிசாமி இருப்பார், எடுத்துப் படிப்போம். சினிமா என்று வந்ததும் நம் தேடல் தானாகவே 'புதியவை' என்ற சல்லடையைப் போட்டுக்கொள்கிறது. என் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறேன். தரவுத்தளத்தில் விவரம் இல்லை என்று வாடிக்கையாளர் பதறுவார். போய்ப் பார்த்தால் தேடும் வாக்கியத்தில் யாரோ ஒரு தேதி நிபந்தனையைச் சேர்த்து வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டால் விவரம் கொட்டும். ஸ்ட்ரீமிங் தளங்களின் பரிந்துரைப் பட்டியல் இந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்குகிறது. ஊர் எதைப் பார்க்கிறதோ அதையே அது நம் முன்னாலும் வைக்கிறது. ஊர் எதையும் பார்க்காத மாதத்தில் அதனிடம் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. முதல் வார இறுதியில் நாம் தியேட்டருக்குப் போவது படத்துக்காக மட்டும் இல்லை. வாகன நிறுத்தத்திலேயே தமிழ் கேட்கும். இடைவேளையில் ஆறு மாதமாகப் பார்க்காத ஒருவரைப் பார்ப்போம். பாப்கார்ன் வரிசையில் யாருடைய பிள்ளைக்கோ கல்யாணம் என்று தெரியவரும். படமில்லாத மாதத்தில் நாம் இழப்பது அந்தக் கூட்டத்தை. அந்த இழப்பு உண்மையானது. ஆனால் அதைச் சினிமாவின் வறட்சி என்று பெயர்மாற்றிச் சொல்லும்போது, வீட்டுக்குள்ளேயே கிடக்கும் சினிமாவைப் பார்க்கத் தவறிவிடுகிறோம்.

இந்தக் குளிர்காலத்தில் மூன்று தமிழ்ப் படங்களை மாதம் ஒன்றாக எங்கள் வீட்டில் பார்த்தோம். இரண்டு குடும்பங்கள், பெரியவர்கள் நால்வர், இங்கே பிறந்த பிள்ளைகள் மூவர். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988), லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018), பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' (2021). திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்த வரிசை என்று சொல்லமாட்டேன். பார்த்து முடித்த பிறகுதான் மூன்றும் ஒரே கேள்வியைச் சுற்றுவது தெரிந்தது: ஒரு மனிதருக்கு இந்தப் பூமியில் ஒரு துண்டு இடம் கிடைக்குமா, கிடைத்தால் நிலைக்குமா? ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இது அடுத்தவர் வீட்டுக் கேள்வியாக இருக்க முடியாது.

'வீடு' படத்தின் கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அலுவலகத்தில் வேலை பார்க்கும் சுதா, தங்கையையும் ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியாரான தாத்தாவையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு சிறு வீடு கட்ட முனைகிறாள். அவ்வளவுதான். பாடல் கிடையாது. சண்டை கிடையாது. வில்லன் என்று ஒருவரும் கிடையாது. ஒப்பந்தக்காரர் திருடுகிறார், ஆனால் அவரும் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்கிறார். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்கு தேசிய விருது கிடைத்தது. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதருக்கு எந்த விருது கொடுத்தாலும் போதாது.

இந்த மாதிரிப் படத்தைப் பற்றி வழக்கமாக ஒரு குற்றச்சாட்டு வரும். வேலை முடிந்து களைத்து வருகிறோம், விருதுப்படம் பார்த்து அழவா என்பார்கள். எங்கள் கூட்டத்திலும் ஒருவர் கேட்டார். அவரே படத்தின் நடுவில் எழுந்து உட்கார்ந்து, "அந்தச் சிமெண்ட் மூட்டையை யாராவது எண்ணுங்களேன்" என்றார். 'வீடு' ஒரு திகில் படத்தின் கட்டுமானத்தில் இயங்குகிறது என்பதை நான் இந்த முறைதான் கவனித்தேன். கையில் இருக்கும் பணம் எவ்வளவு, அது எந்த மட்டத்தில் தீரும் என்பதைப் படம் நமக்குச் சொல்லிக்கொண்டே வருகிறது. அஸ்திவாரம் எழும்பும்போது மனம் எழும்புகிறது. மழை பெய்தால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. தமிழ் சினிமாவில் மழை என்றால் காதலர்கள் நனைவார்கள். இங்கே நனைவது சிமெண்ட். ஒரு மொழியின் சினிமா பல பத்தாண்டுகளாகப் பழக்கிவைத்த ஓர் உணர்ச்சியை ஒரே காட்சியில் திருப்பிப்போடுவது சாதாரண வேலை இல்லை.

பாலு மகேந்திராதான் இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர். மூன்றும் ஒருவரே என்பதால் படத்துக்கு ஒரே மூச்சு. அவரது கேமரா சுதாவின் முகத்தில் நிற்கும் நேரத்தைவிட அவள் காத்திருக்கும் இடங்களில் நிற்கும் நேரம் அதிகம்: அலுவலகம், படிக்கட்டு, கடன் கேட்கப் போன இடம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்து எடுத்த இசையைப் படத்தில் பயன்படுத்தியிருக்கிறார். படத்துக்காக எழுதப்படாத இசை என்பதால் அது காட்சியின் உணர்ச்சியை அடிக்கோடிடுவதில்லை, சற்றுத் தள்ளி நின்று கூடவே நடக்கிறது. தாத்தா பாதி கட்டிய வீட்டைப் பார்க்கப் போகும் பகுதியில் இது உச்சம். பூசாத சுவரை அந்தக் கிழவர் கையால் தொட்டுப் பார்க்கிறார். பேச்சு தேவையில்லை. அந்த வீட்டில் குடிபுகாமலே அவர் இறந்துபோவார் என்பதை அந்தக் கையே சொல்லிவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. சுதாவைக் காதலிக்கும் கோபி கதைக்குத் தேவையான நேரத்தில் வந்து தேவையான ஆறுதலைச் சொல்லிப் போகிறவராக நின்றுவிடுகிறார். சித்தாள் மங்காவாக வரும் 'பசி' சத்யாவுக்கு இருக்கும் உடலும் குரலும் கோபமும் அவருக்கு இல்லை. ஒப்பந்தக்காரரின் களவை அம்பலப்படுத்துவது மங்காதான். வீடு கட்டும் கூலிக்காரிக்கு அந்த வீட்டின் மேல் இருக்கும் அக்கறை, அதை அனுமதிக்கும் அலுவலகங்களுக்கு இல்லை என்பதைப் படம் உரக்கச் சொல்லாமலே உணர்த்திவிடுகிறது.

படத்தின் முடிவு தெரிந்ததுதான் என்றாலும் சொல்லியாக வேண்டும். கடனை உடனை வாங்கி வீடு எழும்பிய பிறகு, அந்த நிலம் குடிநீர் வாரியத்துக்காக எடுக்கப்பட்டது என்று ஓர் அதிகாரி வந்து சொல்கிறார். எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்த பதினைந்து வயது மகள் இங்கேதான் ஒரு கேள்வி கேட்டாள்: "வாங்கறதுக்கு முன்னாடி யாருமே செக் பண்ணலையா?" கூட்டத்தில் இருந்த நண்பரின் அம்மா, வலிகாமம் வடக்கிலிருந்து 1990-இல் இடம்பெயர்ந்தவர், திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "எங்களிட்டை உறுதி இருந்தது பிள்ளை. உறுதி எங்களிட்டையும், காணி அவங்களிட்டையும் இருந்தது." வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயம் என்று அடைக்கப்பட்ட காணிகள் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன என்பது இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சென்னையின் ஒரு புறநகர் மனையைப் பற்றிய படம் இது. இலங்கையைப் பற்றி ஒரு சொல் இதில் கிடையாது. ஆனால் எடுத்தவர் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் அமிர்தகழியில் பிறந்தவர். சிறுவயதில் தன் அம்மா வீடு கட்டத் தொடங்கியபோது அவரிடம் ஏற்பட்ட மாற்றமே இந்தப் படத்துக்கு விதை என்று அவர் சொல்லியிருக்கிறார். அமிர்தகழியில் விழுந்த விதை சென்னையில் படமாகி, டொராண்டோவில் ஒரு மூதாட்டியின் காணிக் கதையாக முளைக்கிறது. இந்தப் படத்தை நடுத்தர வர்க்கத்தின் சோகம் என்று மட்டும் எழுதிவந்த விமர்சனம் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு தாள், ஒரு முத்திரை, ஓர் அதிகாரியின் வாய்ச்சொல் இவற்றால் நிலம் கைமாறிவிடும் என்ற அச்சத்தைத் தமிழில் இவ்வளவு அமைதியாகச் சொன்ன படம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

'மேற்குத் தொடர்ச்சி மலை'யின் ரங்கசாமிக்கு அந்தத் தாள்கூடக் கையில் வருவதற்குப் பாதி ஆயுள் ஆகிறது. தேனி மாவட்டத்துக்கும் இடுக்கிக்கும் இடையிலுள்ள மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டை சுமப்பவன். ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. விஜய் சேதுபதி தயாரித்து, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்து, இளையராஜா இசையமைத்த படம். இத்தனை பேர் சேர்ந்தும், முதல் பகுதி முழுக்கப் படம் செய்வது ஒரே ஒரு காரியம்: நடப்பது. இருட்டில் கிளம்பி, மலை ஏறி, வழியில் ஒவ்வொருவரையும் விசாரித்து, சுமையேற்றிக்கொண்டு இறங்குவது. கோம்பைப் பக்கத்துத் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும் அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே ஒருமுறை பார்க்கலாம். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு என்பதால் சொல்கிறேன், அந்த மனிதர்கள் நடிக்கவில்லை, பேசுகிறார்கள். ஆங்கிலத் துணைத்தலைப்பில் இந்த வேறுபாடு மொத்தமும் மறைந்துபோகிறது. எல்லோரும் ஒரே ஆங்கிலத்தில் பேசுகிறார்கள்.

ரங்கசாமியின் முயற்சிகள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. ஒருமுறை விற்பவர்களுக்குள் தகராறு. இன்னொருமுறை, பணத்துக்காக அவன் நம்பியிருந்த ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டுபோகிறது. அந்தக் காட்சியில் அழுகைக்கு இசை இல்லை, கதறல் இல்லை. பள்ளத்தைப் பார்த்து நிற்கிறான். 'வீடு' படத்தில் நனைந்த சிமெண்ட்டுக்கு அண்ணன் தம்பி இந்த மூட்டை. ஏழையின் சேமிப்புக்கு எடை உண்டு, அதைக் கையால் தூக்க வேண்டும், கை நழுவினால் போயிற்று. எண்ணாகத் திரையில் தெரியும் சேமிப்பை மட்டுமே அறிந்த நம் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தி.

இரண்டாம் பகுதியில் படம் தடுமாறுகிறது. தொழிற்சங்கம், துரோகம், கொலை, சிறை என்று அதுவரை நடந்துகொண்டிருந்த படம் திடீரென்று ஓடத் தொடங்குகிறது. அரசியல் தவறில்லை, அவசரம்தான் தவறு. முதல் பகுதி ஒரு நாளுக்குக் கொடுத்த நேரத்தை இரண்டாம் பகுதி ஓர் ஆண்டுக்குக்கூடக் கொடுப்பதில்லை. ஆனால் இறுதிக் காட்சி இதையெல்லாம் மன்னிக்கவைக்கிறது. கடனில் பறிபோன அதே நிலத்தில் காற்றாலைகள் சுழல்கின்றன. ரங்கசாமி அங்கே காவலாளி. சீருடை, நாற்காலி. தன் மண்ணில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறான். கேமரா மேலே எழுந்து விலக விலக, அவன் ஒரு புள்ளியாகிறான். வளர்ச்சி என்று புள்ளிவிவரங்களில் பதிவாகும் ஒன்றை, அதற்குள் இருக்கும் ஓர் ஆளின் கண்ணிலிருந்து தொடங்கி வானத்திலிருந்து முடிக்கிறார் லெனின் பாரதி.

'கூழாங்கல்' இன்னும் சுருங்கியது. 75 நிமிடம். ஒரு தகப்பன், ஒரு மகன், ஒரு வெயில். குடிகாரன் கணபதி, தாய்வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைத் திரும்ப இழுத்துவரப் பள்ளியிலிருந்து மகன் வேலுவை வெளியே கூப்பிட்டுக்கொண்டு கிளம்புகிறான். அவளோ முன்பே கிளம்பிவிட்டாள். மாமனார் வீட்டில் சண்டை. பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப்போடுகிறான். இருவரும் பொட்டல்காட்டில் நடந்தே வீடு திரும்புகிறார்கள். மேலூர்ப் பக்கத்து அந்த மண்ணை எனக்குத் தெரியும். மே மாதத்தில் அங்கே நிழல் என்பதே ஒரு சொத்து.

கணவனால் விரட்டப்பட்ட தன் சகோதரி குழந்தையோடு நடந்தே தாய்வீடு வந்த நிகழ்வு படத்துக்கு அடிப்படை என்று வினோத்ராஜ் கூறியிருக்கிறார். படம் அந்த நடையை ஆணின் காலுக்கு மாற்றித் தருகிறது. அப்படிப் பார்த்தால் இது ஒரு தண்டனை. தண்டனையை நிறைவேற்றுவது பள்ளிச் சட்டை போட்ட ஒரு சிறுவன். பணத்தைக் கிழிப்பது அவன். உடைந்த கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து அப்பனின் முதுகில் அடிப்பதும் அவன். பயந்த பிள்ளையின் எதிர்ப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்த அளவுக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட மிகைப்படுத்தவில்லை. தாகம் தெரியாமலிருக்க அவன் வாயில் போட்டுக்கொண்ட கூழாங்கல்லை வீட்டில் கொண்டுபோய் வைக்கும்போது, அங்கே ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கற்களைப் பார்க்கிறோம். இது முதல் நடை இல்லை. ஒரு குழந்தையின் நாட்குறிப்பு அந்தக் கல்குவியல்.

வானத்திலிருந்து எடுத்த அழகான நிலக்காட்சிகள் வறுமையைத் திருவிழாக்களுக்காகப் பொட்டலம் கட்டுகின்றன என்று ஒரு விமர்சனத்தை எங்கள் கூட்டத்தில் ஒருவர் வைத்தார். ஓரிரு இடங்களில் அது சரி. ஆனால் கடைசிக் காட்சியில் கேமரா தரையில் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. ஒரு குழியில் ஊறும் தண்ணீரைப் பெண்கள் சிறுகச் சிறுக முகந்து குடத்தில் ஊற்றுகிறார்கள். படம் நகர மறுக்கிறது. எவ்வளவு நேரம் அது ஊறுமோ அவ்வளவு நேரம் நாமும் இருக்க வேண்டும். படம் முழுக்க ஆணின் கோபத்தைப் பின்தொடர்ந்து களைத்த பிறகு, அந்தக் கோபத்துக்கு நேரமே இல்லாத உலகம் ஒன்று பக்கத்திலேயே இருந்தது தெரிகிறது. அந்த மனைவியை நாம் சரியாகச் சந்திப்பதுகூட இல்லை. அது குறையா, இல்லை இதைத்தான் படம் சொல்கிறதா என்பதில் எங்கள் வீட்டில் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை.

இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளுடன் பார்ப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றில் அவர்களை முழுக்க உள்ளே இழுத்தது 'கூழாங்கல்'தான். காரணம் எளிது, பேச்சு குறைவு. நம் பிள்ளைகளின் தமிழ் வீட்டுத் தமிழ்: சாப்பிடு, வா, படி, போதும். வேகமாகப் பேசும் படத்தில் அவர்கள் துணைத்தலைப்பை மட்டும் படித்துக்கொண்டு முகத்தைத் தவறவிடுகிறார்கள். இந்தப் படத்தில் துணைத்தலைப்பை அணைத்துவிட்டோம். வேலு பேசும் கொஞ்சச் சொற்கள் அவர்களுக்குத் தெரிந்த அதே சொற்கள். ஒரு தமிழ்ப் படத்தைத் தங்கள் தமிழைக் கொண்டே பார்த்துமுடித்தது அவர்களுக்கு அதுதான் முதல்முறை. தமிழ்ப்பள்ளிகள் பாடத்திட்டத்தில் சினிமாவுக்கு இடம் கொடுக்க நினைத்தால் இங்கிருந்து தொடங்கலாம்.

'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. இந்தியாவின் அதிகாரப்பூர்வ ஆஸ்கர் பரிந்துரையானது. ஆனாலும் ஸ்ட்ரீமிங் தளத்தில் வீட்டுக்கு வர 2023 அக்டோபர் ஆகிவிட்டது. விழாவுக்கும் நமக்கும் நடுவில் இரண்டரை ஆண்டுக்கும் மேல். அதே இயக்குநரின் அடுத்த படமான 'கொட்டுக்காளி' பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் காட்டப்பட்டு, 2024 ஆகஸ்ட் 23 அன்று தியேட்டருக்கு வந்தது. மாரி செல்வராஜின் 'வாழை'யும் அதே நாளில் வந்தது. பின்னணி இசையே இல்லாத ஒரு படமும், எல்லோரையும் அழவைத்த ஒரு படமும் ஒரே வெள்ளிக்கிழமையில் மோதினால் எது நம் ஊர்த் திரைகளில் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. செழிப்பான மாதங்கள் இப்படித்தான் படங்களை விழுங்குகின்றன. மெலிந்த மாதத்தில் விழுங்குவதற்கு ஆள் இல்லை.

பழைய படங்களின் நிலை இதைவிட மோசம். 'வீடு' படத்தின் நெகட்டிவ் அழிந்துபோனது பற்றி பாலு மகேந்திரா உயிரோடு இருந்தபோதே வருந்திப் பேசினார். 2014 பிப்ரவரியில் அவர் இறந்தார். இணையத்தில் நாம் பார்த்த பிரதியில் மங்காவின் முகம் பல இடங்களில் நிழலோடு நிழலாகக் கலந்துவிட்டிருந்தது. இயற்கை ஒளியைத் தமிழ் சினிமாவுக்குப் பழக்கிய ஒருவரின் படத்துக்கு இந்தக் கதி. மலையாளத்தில் அரவிந்தனின் 'தம்பு' (1978) ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனால் மீட்டெடுக்கப்பட்டு 2022-இல் கான் விழாவில் காட்டப்பட்டது. ஷியாம் பெனகலின் 'மந்தன்' 2024-இல் அங்கே போனது. யாராவது கேட்டால்தான், யாராவது பணம் போட்டால்தான் இது நடக்கும். 'மந்தன்' 1976-இல் எடுக்கப்பட்டபோது குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு இரண்டு ரூபாய் போட்டார்கள் என்பது சினிமா வரலாறு. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தாராளமாகக் கொடுக்கும் நம் சங்கங்களுக்கு ஒரு படச்சுருளைக் காப்பாற்றுவது பெரிய தொகையாக இராது.

அதற்கு முன்னால் செய்யக்கூடிய சிறிய வேலை ஒன்று உண்டு. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் தியேட்டர்காரர்களுக்கும் கூட்டம் குறைவு, வார நாள் மாலைகளில் ஓர் அரங்கை வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் நூலகத்தின் கூட்ட அறை, அதுவும் இல்லாவிட்டால் யாருடைய வீட்டு நிலவறையாவது போதும். உரிமை வைத்திருப்பவரிடம் முறையாக அனுமதி வாங்குங்கள். பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவையுங்கள். நண்பரின் அம்மாவைப் போல ஒருவராவது அந்த அறையில் இருக்கட்டும். அடுத்த குளிர்காலத்துக்கு எங்கள் பட்டியலில் இதுவரை 'உதிரிப்பூக்கள்', 'சந்தியா ராகம்', 'சேத்துமான்' சேர்ந்திருக்கின்றன. நான்காவதாக எதை வைப்பது என்று பிள்ளைகள் இன்னும் சண்டைபோட்டுக்கொண்டிருக்கிறார்கள்.